கம்பிக்கதவுக்கு வெளியே தங்கை

தெருவே அவளைச் 'செருப்பம்மா' என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய கோழிக்கொட்டகைக்குள் நுழைய வேண்டுமென்றால் யாராயிருந்தாலும் செருப்பைக் கழற்றி, அவள் கொடுக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டி, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்க வேண்டும்.

"கல்யாணத்தன்னைக்கே என்னையும் முக்கியிருப்பா. தொட்டி சின்னதாப் போச்சு" என்பார் கணவர்.

அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். விடியலில் கொட்டகை நடுவே கண்மூடி நிற்பாள். அரைத்தூக்கத்தில் கோழிகள் முணுமுணுப்பது தூரத்து மழை போலக் கேட்கும். முன்பொரு முறை நோய் புகுந்து அந்த மழை அடியோடு நின்றுபோனது. அந்த மௌனம் இன்றும் அவள் கனவில் வரும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோழிகள் சாகின்றன என்று கால்நடை மருத்துவர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை, பனிமூட்டத்திலிருந்து ஓர் உருவம் கொட்டகையின் கம்பிக்கதவருகே வந்து நின்றது. தங்கை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது யார் என்று மூண்ட சண்டையில் பேச்சை முறித்துக்கொண்டு, ஆற்றுக்கு அப்பால் போனவள். கையில் ஒரு கூடை. கூடைக்குள் சிவப்புக் கோழி.

"சின்ன வயசுல நாம வளத்த செவலை மாதிரியே இருக்கில்லக்கா? உனக்குன்னுதான் கொண்டாந்தேன். வழியெல்லாம் தூங்கிட்டே வருது."

கோழியின் கொண்டை கருத்திருந்தது. அது தூக்கமல்ல, நோய்.

"அங்கயே நில்லுடி."

தங்கையின் முகம் வாடியது. "இன்னும் கோவம் போகலையா? சரிக்கா, வரேன்."

ஒருபக்கம் கூடப்பிறந்தவள், ஒருபக்கம் உயிராய் வளர்த்த கோழிகள். அவள் பூட்ஸைக் கழற்றி உள்ளேயே வைத்துவிட்டு, பின்னால் வந்து நின்ற கணவரிடம் திரும்பினாள்.

"ஏங்க, டாக்டருக்கு போன் போடுங்க. நான் வெளிய போறேன். அவளத் தொட்டுட்டா நானும் உள்ள வரக்கூடாது. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் கொட்டகை உங்க பொறுப்பு."

"எனக்குக் கோழி பாஷை தெரியாதேம்மா."

"காலை நனைச்சிட்டுப் போங்க, போதும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "கூடையக் கீழ வச்சிட்டு அந்தக் குழாய்ல நல்லா சோப்பு போட்டுக் கையக் கழுவுடி. உன்ன உள்ள விட முடியாது. அதான் நான் வந்துட்டேன்."

ஈரக்கையோடு தங்கை அவள் தோளில் சாய்ந்து விம்மினாள்.

கூடையிலிருந்த செவலை அன்று மாலையே கண்மூடியது. மருத்துவர் அதை எடுத்துக்கொண்டு போனார். அக்காவும் தங்கையும் சாலையோரத்துக் காலி அறையில், ஒரே பாயில் படுத்தார்கள். ஒரு விடியலில் தங்கை பாதிக் கண் திறந்து கேட்டாள்.

"மழை பெய்யுதாக்கா?"

அவள் கொட்டகைப் பக்கம் காதை வைத்தாள்.

"இல்லடி. எல்லாரும் நல்லாருக்கோம்னு பேசிக்குதுங்க. நீ தூங்கு."