பாதி உரித்த ஸ்டிக்கர்

செய்தி வந்தபோது நான் சிட்லபாக்கத்தில், நம் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில், ஒரு சத்துமாவு பாட்டிலின் விலை ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜெபாவுக்கு டெங்கு காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவள்தான் என்னை அனுப்பினாள். "விலை குறைப்புன்னு செவப்பா ஒட்டியிருந்தா அப்படியே தூக்கிட்டு வராதப்பா. உரிச்சுப் பாரு."

பாதி உரித்திருந்தேன். அவள் தம்பி ஜோயல் போன் செய்தான். "அத்தான்... அக்கா போயிட்டா."

பாட்டிலைத் திரும்ப வைத்தேன். லேபிள் முன்னால் தெரியும்படி நேராக வைத்தேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நம் குடியிருப்பில் ஜெபாவோடு கடைக்குப் போன எல்லோருக்கும் அவளுடைய வலது கட்டைவிரல் நகம் தெரியும். மற்ற விரல்களில் ஒட்ட வெட்டுவாள். இதை மட்டும் விட்டுவைப்பாள். புது ஸ்டிக்கருக்கு அடியில் போன வார ஸ்டிக்கர் இருக்கும். பெரும்பாலும் அதே விலை. உடனே மேனேஜரைக் கூப்பிடுவாள். நான் வரிசையில் நாலு பேர் தள்ளி, யாரோ மாதிரி நிற்பேன்.

"மேடம், உரிக்காதீங்க மேடம்!"

"ஒட்டினது நீங்கதானேண்ணா? குறைச்சோம்னா எதுலேர்ந்து குறைச்சீங்க, சொல்லுங்க."

ஒருமுறை பின்னால் நின்ற பெண்மணி பொறுமை இழந்தார். "ரெண்டு ரூபாய்க்கு இவ்ளோ ஆராய்ச்சியாம்மா?"

"ரெண்டு ரூபா போனா போகுதுக்கா. நம்மள மக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க பாருங்க, அதான் எரியுது."

வழியெல்லாம் எரிச்சலில் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். என் வேலை சாப்ட்வேர் டெஸ்டிங். வீட்டு வாசலில் அவளே ஆரம்பித்தாள். "ஆபீஸ்ல எவனாவது புரோகிராம் வேகம் கூடிடுச்சுன்னு சொன்னா, முன்னாடி எவ்ளோன்னு கேப்பியா மாட்டியா? கடைன்னா மட்டும் வாய்ல கொழுக்கட்டையா?"

பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் தேடினேன்.

ஜெபக்கூட்டமெல்லாம் முடிந்து, உறவினர்கள் போன பிறகு, வீட்டில் டீத்தூள் தீர்ந்திருந்தது. கடைக்குப் போனேன். அந்தப் பாட்டில் அதே இடத்தில் இருந்தது. பாதி உரித்ததை யார் எடுப்பார்கள்? அவள் கடைசியாகச் சொன்ன வேலை அப்படியே பாதியில் நின்றிருந்தது. கையில் எடுத்தேன். மேனேஜர் வந்தார். தடுப்பார் என்று நினைத்தேன்.

"கேள்விப்பட்டேன் சார்," என்றார். பாட்டிலைப் பார்த்தார். "உரிங்க சார்."

உரித்தேன். அடியில் இருந்த விலை உண்மையிலேயே அதிகம். நிஜமாகவே குறைத்திருந்தார்கள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. இத்தனை வருஷம் அவள் தொண்டை வறளச் சண்டை போட்டபோதெல்லாம் பொய். அவள் இல்லாதபோதுதானா இவர்களுக்கு உண்மை சொல்லத் தோன்றியது?

வாங்கிவந்து சமையலறையில் வைத்தேன். பக்கத்தில் அதே சத்துமாவின் பழைய பாட்டில். லேபிள் போகாமல் கழுவி அதில் ஜெபா சீரகம் போட்டு வைத்திருந்தாள். ஒரே உயரம், ஒரே மூடி. 'அவ்ளோ நல்லவனா அவன்? திருப்பிப் பாருப்பா' என்று சொல்லியிருப்பாள். இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். புதியதில் எடை குறைவாக இருந்தது. விலை குறைந்த அளவுக்கு மாவும் குறைந்திருந்தது.

ஜெயித்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவளை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

இனி கடையில் என்னைப் பார்த்தால் நாலு பேர் தள்ளி நின்றுகொள்ளுங்கள். வலது கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.