வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாதது

நடந்தது இது.

1. புதன்கிழமை மதியம், நான் நடத்திக்கொண்டிருந்த கணிமைக் கோட்பாடு என்ற விருப்பப் பாடத்தை இந்தப் பருவத்தோடு அல்ல, இந்த வாரத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்று துறைத்தலைவர் என்னிடம் சொன்னார்.

2. மாணவர்கள் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலை வரை அவகாசம் இருந்தது.

3. வியாழக்கிழமை வகுப்பில் ஒரு மாணவி, இந்தப் பாடம் தொடருமா என்று நேராகவே கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன்.

4. வெள்ளிக்கிழமை, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல அடுத்த வாரத்துக்கான அறிவிப்பைப் போட்டேன். அதில் இது இல்லை.

5. திங்கள்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது.

இப்படி எழுதிப் பார்த்தால், மேலிடத்து முடிவுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை என்பதால்தான் மீதியையும் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி கோவில்பட்டிக்கு வெளியே, பருத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகள் புதூர், கடம்பூர், இடைசெவல் என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ்ஸில் வருகிறார்கள். ஒரு தேர்வைத் தள்ளிவைத்துவிட்டு முன்கூட்டியே சொல்லாவிட்டால், விடியுமுன்னே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தவள் சும்மா திரும்பிப் போக வேண்டியதுதான். அடுத்த பஸ் எப்போது என்று அவளுக்கே தெரியாது. நான் படித்த காலத்தில் எனக்கு அது நடந்திருக்கிறது. அதனால் வேலைக்குச் சேர்ந்ததுமே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த நாள் என்ன பாடம், எந்தப் பக்கம், எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வர வேண்டும், எந்தத் தேர்வு எங்கே, எல்லாவற்றையும் எண் போட்டு வெள்ளிக்கிழமையே குழுவில் போட்டுவிடுவேன். மாறினால் உடனே திருத்துவேன். "மேடம் போடலன்னா அது கெடையாது" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என் காதில் விழும். எனக்கு அதில் பெருமை இருந்தது.

துறைத்தலைவர் அந்தப் புதன்கிழமை கடம்பூர்ப் போளிப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் மேசைகளுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க எலெக்டிவ் ஓடாது மேடம். ஏழு பிள்ளைக்கு ஒரு ஸ்டாஃப்பான்னு மேல கேக்காவ. திங்கக்கெழம சர்க்குலர் வந்துரும்."

"அப்ப வெள்ளிக்குள்ள பிள்ளைகள மாறச் சொல்லிரலாமா சார்?"

"சொன்னா அம்புட்டுப் பேரும் க்ளவுடுக்குப் போவாவ. அங்க ஏற்கெனவே நெறஞ்சு கெடக்கு. இன்னொரு செக்ஷன் போட ஆளுக்கு நான் எங்க போவேன்? வாயத் தொறக்காதீங்க. போளி சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.

க்ளவுட் என்பது மேகக் கணிமைப் பாடம். அதை எடுப்பவர்களுக்கு ஒரு நிறுவனத்தின் பயிற்சியும், கடைசியில் கல்லூரியிலேயே நேர்காணலும் உண்டு. அதை முதல் விருப்பமாகக் குறித்துவிட்டு, பிறகு என் பாடத்துக்கு மாறி வந்தவள்தான் வியாழக்கிழமை கேள்வி கேட்ட அந்த மாணவி. புதூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் மானாவாரி உளுந்து. மாறுவதற்கு முன் என்னிடம் வந்து, "இதப் படிச்சாலும் வேலை கெடைக்கும்லா மேடம்?" என்று கேட்டாள். கிடைக்கும், யோசிக்கத் தெரிந்தவர்களை யாரும் விடமாட்டார்கள் என்றேன். அவள் போடும் நிரூபணங்களில் ஒரு வரி கூடுதலாகவும் இருக்காது, குறைவாகவும் இருக்காது. அவளை இழக்க எனக்கு மனமில்லை.

வியாழக்கிழமை நடத்தியது அந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு நிரல் என்றாவது ஓடி முடியுமா, இல்லை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய வழிமுறை ஒன்று இருக்கவே முடியாது. நிரூபணத்தை முடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் எழுந்தாள்.

"மேடம், இந்த க்ளாஸ மூடப்போறாவன்னு சொல்லுதாங்க. நெசமா?"

"அதுவும் முன்கூட்டியே சொல்ல முடியாத கேள்விதான்" என்றேன்.

"ஏட்டி, உக்காரு. மேடம் அதையும் நிரூபிச்சிரப் போறாவ" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அது பதில் தெரிந்த கேள்வி. ஒரு நாளாகவே எனக்குப் பதில் தெரியும். தெரியாத மாதிரி காட்டிக்கொள்ள, அப்போதுதான் நடத்திய தேற்றத்தையே எடுத்துக்கொண்டேன். துறைத்தலைவருக்குப் பயந்து என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பயம் இருந்தது உண்மைதான், நான் ஒப்பந்த ஊழியை. ஆனால் உள்ளே இருந்த ஆசை வேறு. ஏழு பேரும் இருந்தால் மேலே மனம் மாறக்கூடும். ஒருத்தி போனாலும் அந்த வாய்ப்பு போய்விடும். மற்ற நேரமெல்லாம் ஆய்வகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் நிரலில் அரைப்புள்ளி விடுபட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வேலைதான் எனக்கு. இந்த ஒரு வகுப்புக்காகத்தான் காலையில் ஆசையோடு கிளம்பினேன். அதைக் காப்பாற்ற ஏழு பேரைப் பிடித்து வைத்திருந்தேன்.

திங்கள்கிழமை சுற்றறிக்கை ஒட்டியதும் அவள் என்னைத் தேடி நூலகத்துக்கு வந்தாள். மழை பெய்திருந்தது. செருப்பில் அப்பியிருந்த கரிசலை வாசற்படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஒங்ககிட்டயும் இன்னைக்குத்தான் சொன்னாவளா மேடம்? எம்புட்டு ஆசையா நடத்துனீங்க."

"ஆமா" என்றேன்.

"வெள்ளிக்கெழம நம்ம க்ளாஸ்ல எம்பக்கத்துல உக்காருத பிள்ள கூப்பிட்டா மேடம், ஏட்டி வா, மாறிருவோம்னு. ஒரு எடம் இருந்துருக்கு அங்க. நான்தான், மேடம் குரூப்புல போடலல்லா, சும்மா கெளப்பிவிடுதாவன்னு சொல்லிட்டேன். கடைசில அவ போய்ச் சேந்துக்கிட்டா."

அந்த 'ஆமா'வை இரண்டு நாள் சுமந்தேன். புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு, எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன்.

"எப்பத்துல இருந்து?"

"போன புதன்."

அவள் வியாழக்கிழமையைத்தான் நினைத்திருப்பாள்.

"நான் எந்திரிச்சுக் கேட்டேன்லா மேடம்."

"கேட்ட."

"சரிங்க மேடம். பஸ்ஸு வந்துரும்."

அன்றே துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதினேன். முன்பே தெரிந்தும் நான் சொல்லாததால் இந்த மாணவிக்கு வாய்ப்பு போயிற்று, க்ளவுடில் ஒரு இடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று. படித்துவிட்டு, "இத நீங்களே வச்சுக்கோங்க மேடம், ஒங்களுக்குத்தான் பிரச்சினை" என்று திருப்பித் தந்தார். முதல்வரிடம் நேரில் கொடுத்தேன். பயிற்சிக்கான பட்டியல் நிறுவனத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

இப்போதைய நிலவரம்: அவள் மீந்திருந்த மேலாண்மைப் பாடத்தில் இருக்கிறாள். க்ளவுட் பிரிவுக்கு நேர்காணல்கள் தொடங்கிவிட்டன. அவள் பெயர் அதில் இல்லை. சனிக்கிழமைகளில் நான் மதிப்பெண் இல்லாமல் அந்தப் பாடத்தைத் தொடர்கிறேன். நான்கு பேர் வருகிறார்கள். அவள் வருவதில்லை.