ஐந்துக்கு நாலு

"கண்ணை மூடிக்குங்க சார். உங்க இடது கை மேசைமேல இருக்கு. பக்கத்துல ஒரு டம்ளர். உள்ள சூடா டீ. ஆவி பறக்குது, வாசனை வருது. இப்ப கை மெதுவா எழுந்து டம்ளரைப் பிடிக்குது. தெரியுதா?"

"தெரியுது டாக்டரம்மா."

ஒரு மண்ணும் தெரியவில்லை. மூடிய கண்ணுக்குள் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது.

"எவ்வளவு தெளிவா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"நாலு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அவர் உண்மையில் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். முதல் வாரமே நான்கு தடவை திருத்திப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஹாரன் ஒரு பெயரைப் பிடித்தால் விடமாட்டார்.

ஹாரன் என்பதும் அவருக்கு டிப்போவில் வைத்த பெயர்தான். பதினாலாம் நம்பர் பஸ்ஸை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். எறும்பு குறுக்கே போனாலும் அடிப்பார் என்று கேலி செய்வார்கள். ஆனால் அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் பஸ் யார்மீதும் உரசியதில்லை.

பக்கவாதம் வந்தது காலை இரண்டாவது டிரிப்பில். சிக்னலில் நிற்கும்போது கியர்மேல் இருந்த இடது கை தானாக நழுவி மடியில் விழுந்தது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பஸ்ஸை எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பி, "எல்லாரும் இறங்கிக்குங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்றார். நாக்கு குழறியது. "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று ஒரு பயணி சத்தம் போட்டார். கண்டக்டர்தான் புரிந்துகொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

பேச்சு பத்து நாளில் திரும்பிவிட்டது. கால் ஒரு மாதத்தில் சாய்ந்து சாய்ந்து நடக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. கைதான் அப்படியே கிடந்தது. அந்தக் கைக்காகத்தான் வாரத்துக்கு மூன்று நாள் இந்த அறை. ஒரு நீள மேசை, சுவரில் கம்பிகள், ஜன்னலோரம் ரப்பர் பந்துகள் போட்ட பிளாஸ்டிக் கூடை. கையால் முடியாததை மனசால் செய்துகொண்டே இருந்தால் மூளைக்கு அந்த வழி மறக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கையும் பின்னால் வரும் என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். ஹாரனும் தலையாட்டியிருந்தார்.

நாலு என்று ஏன் சொன்னார்? அஞ்சு என்றால் பீற்றிக்கொள்வது போல் இருக்கும். மூன்று என்றால் அந்தப் பெண்ணின் முகம் வாடும். யாராவது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். இதற்கு உண்மையான பதில் ஒன்று இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அதே அறையில் அதே நேரத்துக்கு ஒரு பேக்கரிக்காரரும் வருவார். அவருக்கு வலது கை. ஹாரனுக்கு ஒரு வாரம் பிந்தி வந்து சேர்ந்தவர். நான்காவது வாரம் அவருடைய விரல்கள் பந்தை அமுக்கின. ஆறாவது வாரம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக் காட்டினார்.

"எப்படிண்ணே?" என்று ஹாரன் கேட்டார். குரலில் பொறாமையை மறைக்கக்கூட முயலவில்லை.

"கண்ணை மூடினா என் கடைதான். அடுப்புச் சூடு மூஞ்சில அடிக்கும். மாவு விரல்ல ஒட்டும். பிசைஞ்சுக்கிட்டே இருப்பேன். சில நாள் அந்த வாசனையில நெசமாவே பசி எடுத்துடும், போங்க."

ஹாரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் அளக்கிற அளப்பு என்று நினைத்தார். அளப்பாக இருந்தால் பொத்தான் எப்படிப் போட்டார் என்பதுதான் புரியவில்லை.

அன்று மாலை வீட்டில் ரப்பர் பந்தைத் தூக்கி எறிந்தார். வலது கையால்தான் எறிய முடிந்தது. அது அலமாரியில் பட்டு, கட்டிலுக்கு அடியில் உருண்டது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து எடுத்தாள்.

"நீங்க மனசு வச்சுச் செய்யறதில்ல. அந்தப் பொண்ணு சொல்றபடி ஒழுங்கா நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுக்கிட்டுதானே இருக்கேன்!"

"நினைச்சா போதாது. நினைச்சுப் பாக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்?"

ஹாரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நினைத்துப் பார், செய்து பார், சாப்பிட்டுப் பார். சாப்பிட்டுப் பார் என்றால் யாராவது கண்ணால் பார்க்கிறார்களா? எல்லாம் பேச்சு வழக்கு என்றுதான் ஐம்பத்திரண்டு வருடமாக எண்ணியிருந்தார். கண்ணுக்குள்ளேயே நிக்குது என்பார்கள், காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு என்பார்கள், நினைச்சாலே நாக்குல எச்சில் ஊறுது என்பார்கள். அவரும் சொல்லியிருக்கிறார். உயிரே போகுது என்று சொல்கிறவர் யாரும் செத்துவிடுவதில்லையே.

"கண்ணை மூடினா உனக்கு நெசமாவே ஏதாவது தெரியுதா?" என்றார்.

"ஏன் தெரியாது?" மனைவி கட்டில் நுனியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். "நாம மொதல்ல இருந்த வீடு. பச்சைக் கதவு. பெயின்ட் வாசனை போறதுக்கு மூணு மாசம் ஆச்சே, அந்த வாசனை. மாடிப்படியில எங்கப்பா இருமிக்கிட்டே ஏறி வர்றாரு. நீங்க யூனிஃபார்ம்ல வாசல்ல நிக்கிறீங்க, மேல் பொத்தான் போடல."

"அவர் இருமுறது கேக்குதா?"

"கேக்குதே. உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்ல."

"இருட்டா இருக்கா?"

"இருட்டுன்னுகூடச் சொல்ல முடியாது. ஒண்ணுமே இல்ல. வாசனையும் இல்ல, சத்தமும் இல்ல."

மனைவி கண்ணைத் திறந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ நான் வெளியூர் போயிருக்கும்போது, என் முகம்?"

இங்கேதான் ஹாரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "உன்னைத் தெரியாதா எனக்கு? எத்தனை கூட்டத்துல நின்னாலும் பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடுவேன்" என்றார்.

"தெருமுனை பெட்டிக்கடைக்காரனும்தான் கண்டுபிடிப்பான்."

அவள் எழுந்து போனாள். இரண்டு நாள் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை. செய்த தப்பு என்னவென்று தெரிந்தாலாவது மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு என்னவென்று கேட்பது?

அந்த இரண்டு நாளில் அவருக்கு அக்காவின் நினைப்பு வந்தது. நான்கு வருடம் முன்பு அம்மா இறந்து சில மாதம் ஆனபோது அக்கா போனில் அழுதாள். "எப்பக் கண்ணை மூடினாலும் அம்மா வந்து நிக்கிறாடா. உனக்கு வரலையா?" என்று கேட்டாள். ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி, "அதான் போட்டோ இருக்கே, எடுத்துப் பாத்துக்கலாமே" என்று இவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் பேசவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர் எல்லாரிடமும் சொன்னாள். ஏன் இப்படிக் கோபிக்கிறாள் என்று அன்று அவருக்கு மண்டை காய்ந்தது. இன்றுதான் புரிந்தது. அவளுக்கு அம்மா நிஜமாகவே வந்து நின்றிருக்கிறாள்.

உடனே போன் செய்தார். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் விளக்கினார்.

அக்கா கேட்டுவிட்டு, "நாலு வருஷம் கழிச்சு இப்படி ஒரு காரணம் கண்டுபிடிச்சியாக்கும்" என்றாள்.

"காரணம் இல்லக்கா, சத்தியமா."

"அப்போ அம்மா உனக்கு ஞாபகமே இல்லைங்கறே."

"எல்லாம் ஞாபகம் இருக்கு!"

"எங்கே, சொல்லு பாக்கலாம்."

ஹாரன் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். "உயரம் அஞ்சடிக்குக் கொஞ்சம் மேல. வலது புருவத்துக்கு மேல தழும்பு, அலமாரிக் கதவு இடிச்சது. சிரிச்சா இடது கன்னம் மட்டும் குழியும். நடந்தா வலது கால் லேசா சாயும். யாரையாவது திட்டணும்னா மொதல்ல கண்ணாடியைக் கழட்டி மேசைமேல வச்சிடுவா."

"என்னடா இது," என்றாள் அக்கா, "காணாம போனவங்களைப் பத்திப் போலீஸ்ல எழுதிக் குடுக்கற மாதிரி சொல்றே." வைத்துவிட்டாள்.

ஹாரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை, ஒன்றையும் மறக்கவில்லை. இருந்ததை அப்படியே எடுத்து வைத்தார், அதுவும் பத்தவில்லை.

அடுத்த நாள் சிகிச்சை அறையில் டாக்டரம்மா வழக்கம்போல, "கண்ணை மூடிக்குங்க சார்" என்று தொடங்கியதும், "மூட மாட்டேன்" என்றார். "மூடினா ஒண்ணும் தெரியல. மொதல் நாள்லேர்ந்தே தெரியல."

"நாலுன்னு சொன்னீங்களே?"

"சும்மா சொன்னேன்."

டாக்டரம்மா அவருடைய ஃபைலைப் பிரித்தார். வரிசையாக நாலு, நாலு, நாலு. ஒரே ஒரு நாள் மூன்றரை. அன்று ஹாரனுக்குச் சளி பிடித்திருந்தது.

"ஏழு வாரம் சார்!" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு நல்லாப் படம் வருதுன்னு நம்பி இதையே செய்ய வச்சிருக்கேன். மொத நாளே ஒண்ணுன்னு சொல்லியிருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பேனே!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்."

"எல்லாரும் எப்படி?"

"சும்மா."

மேசையின் அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் மனசுக்குள் மாவு பிசைவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது இரக்கம். ஹாரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

டாக்டரம்மா கொஞ்சம் ஆறிய பிறகு கேட்டார். "இருபத்தாறு வருஷம் எப்படி சார் வண்டி ஓட்டினீங்க? ரூட் மனசுல வராதா?"

"ரூட் தெரியும், அவ்வளவுதான். மொத ஸ்டாப் தண்ணித்தொட்டி. அப்புறம் பள்ளிக்கூடம், அங்க வேகத்தடை ரெண்டு, ரெண்டாவது உயரம். அப்புறம் பாலம், கைப்பிடிச் சுவர் இடது பக்கம் உடைஞ்சிருக்கு. நாப்பத்தொரு ஸ்டாப்பையும் சொல்லவா?"

"வேணாம் சார்." டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த தடவை அவர் ஒரு கண்ணாடி கொண்டுவந்தார். முகம் பார்க்கிற சாதாரணக் கண்ணாடிதான். அதை மேசை நடுவில் நிமிர்த்தி வைத்து, இடது கையை அதற்குப் பின்னால் மறைத்து, வலது கையை முன்னால் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரிந்த வலது கை அச்சு அசல் இடது கை மாதிரியே இருந்தது. ஹாரன் வலது விரல்களை மடக்கினார். அங்கே, எழுபத்து மூன்று நாளாகச் செத்துக் கிடந்த இடது கை, விரலை மடக்கியது.

"இது பொய்யின்னு எனக்குத் தெரியுது" என்றார்.

"தெரிஞ்சா பரவாயில்ல. பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தார். இதைப் பார்க்க மனசு தேவைப்படவில்லை, கண் போதும். மூன்றாவது வாரம் கட்டை விரல் அசைந்தது. ஐந்தாவது வாரம் இன்னும் இரண்டு விரல்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவருக்கு ஆத்திரம்தான் வந்தது. முதல் ஏழு வாரமும் இதைச் செய்திருந்தால்? டாக்டரம்மாவிடம் கேட்டார். அப்படிக் கணக்குப் போட முடியாது என்றார். ஹாரன் போட்டுக்கொண்டேதான் இருந்தார்.

அக்கா ஒரு நாள் தானாகவே கூப்பிட்டாள். கை எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மாவுக்குத் தழும்பு வலது புருவம்னு சொன்னியே. எனக்கு இடதுலதான் தெரியுது."

"வலதுதான்க்கா. நான்தானே மருந்து போட்டேன்."

"நான் இப்பக்கூடக் கண்ணை மூடிப் பாத்தேன்டா. இடது."

"நீ பாக்கறதுக்காகத் தழும்பு இடம் மாறுமா?"

அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. ஆனால் மறுநாளும் கூப்பிட்டாள், வேறு ஏதோ சண்டைக்கு.

மனைவி கொஞ்சம் கொஞ்சமாக இயல்புக்கு வந்தாள். என்றாலும் சில சமயம் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று, "நல்லாப் பாத்துக்குங்க, அப்புறம் ஞாபகம் வராது" என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று ஹாரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயம்.

ஆறாவது மாதம் டிப்போவில் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏற்றி கியர் போடச் சொன்னார்கள். முதல் கியர் விழுந்தது. இரண்டு விழுந்தது. மூன்றுக்குப் போகும்போது கை குமிழை விட்டு நழுவியது. இன்னொரு வாய்ப்புக் கேட்டார், கொடுத்தார்கள். மறுபடியும் அதே மூன்றாவது கியர். சோதித்த அதிகாரி நல்ல மனிதர், தலை நிமிராமல் எழுதினார்.

நேரக் காப்பாளர் வேலை கொடுத்தார்கள். பஸ்கள் வெளியேறும் வாசலருகே கண்ணாடி போட்ட சின்ன அறை. மேசை, நாற்காலி, நோட்டு, மைக். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுத வேண்டும், புறப்படாவிட்டால் மைக்கில் விரட்ட வேண்டும். முதல் நாள் காலை பதினாலாம் நம்பர் இரண்டு நிமிஷம் தாமதம். ஹாரன் மைக்கை எடுத்து, "பதினாலு, ஏன் இன்னும் நிக்குது? எடுங்க!" என்றார். மைக் வேலை செய்யவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது டிரைவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹாரன் கண்ணாடியைத் தட்டினார், அதுவும் அந்த ஆள் காதில் விழவில்லை. ஹாரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு, சாய்ந்து சாய்ந்து வெளியே நடந்தார், நேரில் போய்க் கத்துவதற்கு.