இட்லிப் பானையில் வெந்த பம்ப்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். வாட்டர் பம்ப் போய்விட்டதாம். சர்வீஸ் ஆள் புதுப் பம்பை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து காட்டி, "இத்தப் பிரிக்கல்லாம் முடியாதுங்க மேடம். கழட்டிட்டு வேற மாட்டறதுதான்" என்றார். கழற்றிய பம்பைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்ன செய்வது, சூடான இரும்பும் துருத் தண்ணீரும் கலந்த அந்த வாசனை வந்தால் எனக்கு இட்லி ஞாபகம்தான் வரும்.

பல வருஷங்களுக்கு முன்பு நானும் ஸ்டெல்லாவும் மலைமேல் கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். அவள் கணக்கு, நான் அறிவியல். மலையடிவாரத்தில் வடக்கனந்தலில் ஸ்டெல்லா வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். மலைக்குப் பஸ் வந்தால் வரும். வராவிட்டால் ஜீப்பில் தொங்க வேண்டும். வேலையில் சேர்ந்த ஜோரெல்லாம் அடங்கி, மாற்றல் கேட்டுவிடலாமா என்று இருவரும் பேச ஆரம்பித்திருந்தோம்.

ஸ்டெல்லாவின் அப்பா விட்டுப்போன கார் ஒன்று கொட்டகையில் கிடந்தது. உருண்டை மூஞ்சி, உப்பிய கன்னம், அந்தக் காலத்து வண்டி. பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. தள்ளினால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் பம்புக்கு அடியில் தண்ணீர் ஒழுகி, கோமுகி அணையை எட்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும்.

அவள் அண்ணன் அருள் கரும்பு விவசாயி. "இரும்புக் கடைக்காரன வரச் சொல்லிட்டேன். இது கொட்டகைய அடச்சிக்கினு கெடந்தா, ட்ராக்டர எத்தினி நாளு வெயில்ல வுடறது?" என்றார் ஒருநாள்.

"நடுவுல நிக்காம கரியாலூர் போய்ட்டா வண்டி எனக்கு. இல்லன்னா நீ இரும்புக்குப் போட்டுக்க" என்றாள் ஸ்டெல்லா.

அருள் விழுந்து விழுந்து சிரித்தார். "நானே பின்னால குந்திக்கினு வரேன், போ."

காலாண்டு விடுமுறை விட்டதும் வேலையை ஆரம்பித்தோம். இருவருக்கும் அதுவரை ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. பெல்ட்டைக் கழற்றி, காற்றாடியைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்தபோது என்னவோ பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது. கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் பரப்பினோம். உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்து ஓரம் உடைந்திருந்தது. அச்சும் பேரிங்கும் லொடலொடவென்று ஆடின. ஸ்டெல்லா அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனாள். புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். திரும்பிய அன்று தெருமுனையிலிருந்தே "கெடச்சிடுச்சிடி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

சீலை உட்கார வைத்துவிட்டோம். பேரிங்தான் பம்புக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. "சுத்தியால ஒண்ணு போடுங்க டீச்சர்" என்றார் அருள், அது உடைந்தால் தேவலை என்கிற முகத்தோடு. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் குண்டையும் வளையத்தையும் வைத்துக் காட்டுகிறேனே! அதனால் ஏதாவது உபயோகம் உண்டு என்று எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

பேரிங்கை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் வைத்தோம். அது நன்றாகச் சில்லிட்டதும் பம்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். வீட்டில் அது நுழைகிற அளவுக்கு இருந்த ஒரே பாத்திரம் இட்லிப் பானை. ஸ்டெல்லா கரித்துணியால் பம்பைத் தூக்கி வைக்க, நான் பேரிங்கை அதன் வாயில் விட்டேன். தட்டக்கூட இல்லை. டப்பென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூவிய கூவலில் ஸ்டெல்லாவின் அம்மா ஓடிவந்தார்.

"என் இட்லிப் பானையில இன்னாடி வேவுது?"

"பம்புமா!"

"நாளைக்கு அதுலதான் உங்களுக்கு இட்லி" என்றார் அம்மா. சொன்னபடியே செய்தார். எவ்வளவு தேய்த்தும் வாசனை போகவில்லை. ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம்.

பள்ளி திறக்கும் நாள் காலையில் கிளம்பினோம். அருள் மடியில் தண்ணீர் கேனோடு பின்னால் ஏறிக்கொண்டார். அணை வரை பாட்டுப் பாடாத குறை. ஏற்றம் தொடங்கியதும் எல்லாரும் டாஷ்போர்டையே பார்த்தோம். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியது, முக்காலுக்கு வந்தது. பாறையிலிருந்து ஊற்று வழியும் வளைவு ஒன்று உண்டு. ஜீப்புகளும் லாரிகளும் அங்கே வாயைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றன. "நிறுத்தும்மா, ஊத்திக்கினு போ!" என்று ஒரு டிரைவர் கத்தினார். ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள்.

முள் சிவப்பைத் தொட இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் அருளின் தலை நீண்டது. "அவசரப்படாத, ஒரே சீரா மிதி" என்றார். பிறகு முள்ளைப் பார்த்து, "ஏறாத... தாயே, இன்னும் கொஞ்சந்தான், ஏறாத..." என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்! யார் பக்கம் இருக்கிறோம் என்பதையே அவர் மறந்துபோனார்.

ஏற்றம் முடிந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. முள் நடுங்கியது, நின்றது, மெல்லக் கீழே வந்தது.

"எறங்குதுடி! எறங்குது!" என்று தங்கையிடம் கத்திக்கொண்டே அருள் என் தோளில் அறைந்தார். பள்ளி வாசலில் பானட்டைத் திறந்து, பம்புக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். ஒரு சொட்டு இல்லை. மடியில் வைத்துக் காத்துவந்த கேன் தண்ணீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கொட்டகை காருக்கே ஆனது, ட்ராக்டர் வெளியே தார்ப்பாய்க்கு அடியிலேயே இருந்துவிட்டது. மாற்றல் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. பல வருஷங்கள் அந்த வண்டியிலேயே மலை ஏறினோம். தேவையே இல்லாவிட்டாலும் அந்த வளைவில் நிறுத்துவோம். மலையில் யாருக்குக் கல்யாணம், எங்கே மரம் விழுந்தது என்பதெல்லாம் மற்ற வண்டிகளின் ரேடியேட்டர் ஆறுகிற நேரத்தில் காதுக்கு வந்துவிடும்.

ஸ்டெல்லா இப்போது பேரப்பிள்ளைகளோடு வெளியூரில். அருளும் போய்விட்டார், காரும் போய்விட்டது. சாலையை அகலமாக்கிவிட்டார்கள், எந்த வண்டியும் கொதிப்பதில்லை. போன மாதம் மேலே போனபோது, ஊற்று இருந்த வளைவு எது என்று வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு ஒரே மாதிரி சிமெண்ட் சுவர். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. நிற்க இடமில்லை, போய்விட்டேன்.