ஆறு மடங்கு என்று எழுதிக் கொடுத்தேன்

நாற்பத்திரண்டு நாள் விவாதித்தோம். வெப்பம் தரும் ஓர் உலை, கொடுத்த மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு திருப்பித் தரும் என்பதுதான் பேச்சு. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நண்பர் மின்துறையில் பொறியாளராக இருந்தவர். தாராசுரத்துக்குப் பக்கத்தில் உறவினருடைய அரிசி ஆலையில், நெல் அவிக்கும் கொட்டகையின் மூலையில் உலையை அவரே கட்டியிருந்தார். ஒரு முழ இரும்புக் குழாய், உள்ளே நிக்கல் தூளும் ஹைட்ரஜனும், சூடேற்ற ஒரு கம்பிச்சுருள். வெளியே சுற்றி ஓடும் தண்ணீர் ஆவியாகி, ரப்பர் குழாய் வழியே வாய்க்காலுக்குப் போகும்.

வயலுக்கு அடியில் எரிவாயு எடுக்கத் துளை போடப் போகிறார்கள் என்று அப்போது ஊர் ஊராகக் கூட்டம். இரண்டு கழகக் கொடிகளும் ஒரே பந்தலில் நின்று ஒன்றையொன்று குற்றம் சொல்லின. பூமியைத் தொடாமல் வெப்பம் கிடைத்தால் யார் இங்கே குழாய் இறக்குவார்கள் என்பார் நண்பர். பெரிய உலை கட்ட, ஆற்றோரம் இருந்த தன் ஐந்து மா நிலத்தை விற்க நினைத்தார்.

"அஞ்சு மா போனா அஞ்சாயிரம் மா பொழைக்குமே."

ஆறு மடங்கு வருகிறது என்றார். நான் ஒப்பவில்லை. அனல் மின்நிலையத்தில் மூன்று பங்கு வெப்பத்துக்கு ஒரு பங்கு மின்சாரம் கிடைக்கிறது. மூன்றைத் தாண்டிய உலை தனக்கான மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளுமே, பிறகு பிளக் எதற்கு?

"ஆறு வந்தா ஒயரைப் புடுங்கிட்டு ஓட்டுங்களேன், பாப்போம்."

"வாத்தியாரே, கரண்டுதான் அதுக்குக் கடிவாளம். ஆறுக்கு மேல விட்டா நம்ம பேச்சைக் கேக்காது. கடிவாளத்தை அவுத்துட்டு ஏறி உக்காருங்கறீங்க."

கடைசியில் நானே அளப்பது என்று முடிவாயிற்று. என் அளவு சொல்கிறபடி நிலத்தை விற்பதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார். மூன்று நாள் அளந்தேன். உள்ளே போன தண்ணீரை டம்ளர் டம்ளராக எண்ணினேன். போனதெல்லாம் ஆவியானதாக வைத்துக் கணக்கிட்டேன். மூன்று நாளும் ஆறுதான் வந்தது.

இரண்டாம் நாள், அங்கே நெல் அவிக்கும் அம்மாள் ரப்பர் குழாயைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சளசளன்னு ஓடுதுங்க ஐயா. இந்த ஆவில நெல்லு வேகாது, ஊறித்தான் போவும்." என் கையில் வெப்பமானி இருந்தது, அது நூறு காட்டியது. அதனால் அவர் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. தோற்ற பிறகும் பிடிவாதம் பிடிப்பதாக நண்பர் நினைத்துவிடக்கூடாது என்ற கவலைதான் எனக்கு. ஆறு மடங்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான்காம் நாள் அந்த அம்மாளின் பேச்சு நினைவுக்கு வந்தது. கொட்டகைக்குப் போனேன். நண்பர் உலைக்குச் சாமான் தேடித் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அம்மாள் ஒரு காய்ந்த சாக்கைக் குழாய் வாயில் பிடித்தார். நல்ல ஆவியென்றால் சாக்கு வெதும்பும், அவ்வளவுதான். இது பிழிந்தால் சொட்டியது. குழாயை வாய்க்காலிலிருந்து எடுத்து வாளியில் விட்டேன். இருபது டம்ளர் ஊற்றியதில் பத்தொன்பது வெந்நீராகவே வந்து விழுந்தது. ஒரு டம்ளர்தான் ஆவி. கொதிநீரும் ஆவியும் வெப்பமானியில் ஒரே நூறுதான், ஆனால் ஆவியாக்கத்தான் வெப்பத்தின் பெரும்பங்கு வேண்டும். மறுபடி கணக்குப் போட்டால் கொடுத்ததற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆறுமில்லை, மூன்றுமில்லை.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார் அம்மாள்.

சொல்லவில்லை. ஒருமுறை தவறியவன் இந்த முறையாவது பிசகில்லாமல் சொல்ல வேண்டும் என்று மறுபடி அளந்தேன். வாளியில் பிடித்த நாள் தொடங்கிப் பதினொரு நாளில் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே பத்தொன்பது.

பன்னிரண்டாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நிலம் ஒன்பதாம் நாளே கிரயமாகியிருந்தது. வாங்கியவர் வெளியூர்க்காரர். அடுத்த ஆண்டே துளை போட அதை விட்டுக்கொடுத்தார். இன்று பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் அந்தக் கம்பிவேலி தெரியும். நாற்பத்தெட்டுத் தூண்.

நண்பர் தாளைக் கடைசி வரி வரை படித்தார். கோபப்படவில்லை.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"ஏழு."

"ரெண்டாந்தடவையோட வந்திருக்கலாமேங்க" என்றார். பிறகு தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.