டோரதியம்மா

போன வாரம் பெங்களூரு ரயிலில் எதிர் சீட்டுப் பெண் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். செல்போனைப் பார்த்துத் தோழியிடம், "டோரதின்னா கடவுளோட பரிசாம்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தங்கவயலில் டோரதி வெறும் பரிசில்லை; கடவுளேதான்.

மைசூர் மைன்ஸில் எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே, தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டுக்கு அந்தப் பெயர். எந்த வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்ணோ, இந்த மண்ணை மிதித்தாளோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருப்பார்கள். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறுமுன், "டோரதியம்மா, பத்தரமா மேல கொண்டாந்து வுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவள் கட்டுவது சேலையா கவுனா என்று எனக்கும் அண்ணனுக்கும் அடிதடியே நடந்திருக்கிறது. நான் கவுன் கட்சி.

ஒருநாள் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் உருண்டன. சுரங்கத்துக்குள் பாறை வெடித்திருந்தது. நிறைமாதமாக இருந்த அம்மா ஷாஃப்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு ருக்குமணி அக்காவும் ஓடினாள். அவள் கணவரும் அப்பாவும் ஒரே இடத்தில் வேலை. பொழுது சாயும்போது கேஜ் மேலே வந்தது. கல்தூசி அப்பிய அப்பா இறங்கினார். பின்னால் யாரும் இறங்கவில்லை. அக்காவின் கணவரை எடுக்கவே முடியவில்லை.

அந்த வாரமே பிறந்த தங்கைக்கு அப்பா டோரதி என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் அப்பாவிடம், "நெத்தி நெறைய துன்னூறு, கொழந்தைக்கு இன்னாங்க இந்தப் பேரு?" என்றார்.

"எங்க கொலசாமி பேருங்கம்மா."

ருக்குமணி அக்கா மட்டும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆனால் "பாப்பா", "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அவள் காதுபட அம்மாவும் பெயர் சொல்லமாட்டாள். கல்யாணத்தன்று தங்கை காலில் விழுந்தபோது, தலையில் கைவைத்தாள் அக்கா. பிறகு, "டோரதி... நல்லா இரும்மா" என்றாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இன்று அப்பா இல்லை, அக்கா இல்லை. சுரங்கத்தை மூடியபின் கேஜை ஏற்றி இறக்கிய பெரிய சக்கரத்தைப் பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போனார்கள். போன மாதம் அங்கே போனேன். ஒரே முள்ளுக்காடு, நடுவில் ஒரு கான்கிரீட் மூடி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "இது எந்த ஷாஃப்டுங்க?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாதுங்க. பழைய குழி. கிட்ட போவாதீங்க" என்றார்.