அரை யானைச் சட்டை

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று எந்த வீட்டில்தான் கடைக்குட்டியைச் சீண்டுவதில்லை? சீண்டியவர்கள் மறந்துவிடுவார்கள். எங்கள் தையல்காரம்மா மறக்கவில்லை. ஐம்பத்தோரு வயது, மூன்று மெஷின் ஓடும் கடை, பேரன்கூட எடுத்தாயிற்று. அந்த முள் மட்டும் போகவில்லை. எல்லாம் வீட்டு ஆல்பம் செய்த வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா மடியில் பச்சைக்குழந்தை, ஒரு வயதில் ஸ்டூல் மேல் நிற்கிற குழந்தை, இரண்டுக்கும் கீழே 'நான்' என்று பள்ளிக்கூட நாளிலேயே அண்ணன் பேனாவால் எழுதிவிட்டார். இவள் ஆல்பத்தில் தலைகாட்டுவதே மூன்று வயதில்தான். அதுவரை எங்கே இருந்தாளாம்?

அம்மா இருந்தவரை கேட்க வாய் வரவில்லை. "ஆமாம்" என்று சொல்லித் தொலைத்தால்? இப்போது கேட்கவும் ஆளில்லை.

வீடு மாற்றிய அண்ணன் ஆல்பத்தை அவளிடம் தள்ளிவிட்டார். வெட்டுமேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து முகம் முகமாகப் பார்த்தாள். ஒரு மண்ணும் விளங்கவில்லை. கடைசியில் தொழில் புத்தி துணிக்குப் போனது.

ஸ்டூல் மேல் நின்ற அண்ணனுக்கு யானை அச்சடித்த புதுச் சட்டை. மடியிலிருந்த குழந்தைக்கும் அதே யானைத் துணிதான். ஆனால் தோளில் அரை யானைதான் இருந்தது. நெஞ்சில், வேண்டாத இடத்தில், பட்டன் நுழைக்கிற காஜா இரண்டை நூலால் அடைத்திருந்தார்கள். புதுத் துணியில் காஜா போட்டு யாராவது அடைப்பார்களா? அண்ணனின் சட்டையை வெட்டித்தான் இதைத் தைத்திருக்கிறாள் அம்மா! ஒரு வயதில் போட்ட சட்டையை வெட்டித் தைத்ததை, பிறந்த அன்றே அண்ணன் எப்படிப் போட்டிருப்பார்?

அம்மா பெற்றது இரண்டே பிள்ளை. தையல்காரம்மா துணிக்குவியல் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்படியொரு நிம்மதி.

போன் போட்டதும் அண்ணன் பதறி ஓடிவந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அட, ஆமா! இது நீதான். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னதை இத்தனை வருஷமா நெஞ்சுல வச்சிருந்தியா, பைத்தியம்?"

பிறகு ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முகம் மெல்ல மாறியது.

"அது சரி, அப்போ நான் பொறந்தப்ப எடுத்த போட்டோ எங்க?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்கு யாருண்ணே ஆஸ்பத்திரியில போட்டோ எடுப்பாங்க?"